கூறியது கூறல்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று என வகுத்தது நன்னூல். கணிப்பொறியில் இடும் பட்டியலுக்கும் அக்குற்றம் நேர்வதுண்டு. அதனைக் களையுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளி மாணவர் தத்தம் ஊர்ப்பெயரை எழுதித் தருகின்றனர் என்று கொள்வோம். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, விருத்தாசலம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு என ஐந்து பெயர்கள் நிரலாக நிற்கின்றன. இத்தகைய நிரலைக் கணிப்பொறியாளர் ‘அணி’ என்பர். இஃது உவமை, உருவகம் முதலிய அணி அன்று. அணிவகுப்பு என்புழி வரும் வரிசைப் பொருளதாகும்.

வெற்றணி ஒன்றை அமைத்து, பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் முன்னரே இல்லாதவற்றை மட்டும் சேர்த்தல் எளிய முறை. ஐந்து பெயருக்கு இது போதும். வெவ்வேறான பெயர்கள் ஓர் இலட்சம் இருப்பின், ஏறத்தாழ 500 கோடி முறை ஒப்பிட நேரும். ஆதலின் ‘கணம்’ என்னும் அமைப்பைக் கையாள்வர். அது பெயரை ஓர் எண்ணாக மாற்றி, அவ்வெண் காட்டும் அறையில் மட்டும் தேடும். அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாக அறைகளில் இடுவது போன்றது இது. பைத்தான் மொழியின் கணம் இட்ட வரிசையைக் காப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டு புகுந்த கணமோ காக்கும்.

இனி, இடர்ப்பாடு ஒன்று உண்டு. கணிப்பொறி காண்பது எழுத்தின் வடிவத்தை அன்று, அதன் குறியெண்ணையே. ஒருங்குறியில் ‘தோ’ என்பதைத் தகரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு எண்களாலும் எழுதலாம். தகரம், இரட்டைக் கொம்பு, கால் என மூன்று எண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறியோ சேத்தியாத்தோப்பை இரண்டு ஊர்களாக எண்ணிவிடும்! ஆகவே, ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே குறியீட்டு முறைக்குக் கொணர்தல் வேண்டும். இதனைக் கணிப்பொறியே செய்யும். ஒற்று மிகாமல் ‘சேத்தியாதோப்பு’ என ஒருவன் எழுதினாலும், விருத்தாசலத்தைத் திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரால் மற்றொருவன் எழுதினாலும் அவை ஒன்றென அது தானே அறியாது; நாம்தான் அறிவிக்க வேண்டும்.

இதற்கு மாறான பிழை இன்னும் கொடிது. உதவித்தொகைப் பட்டியலில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடைய மாணவர் இருவர் இருப்பர். பெயரை மட்டும் ஒப்பிடின் ஒருவன் பெயர் நீங்கும். அவனுக்குரிய தொகையும் போகும். அதனால் அத்தகைய பட்டியலில் பெயரை விடுத்து, ஒருவர்க்கு ஒன்றாகப் பள்ளி வழங்கும் சேர்க்கை எண்ணையே ஒப்பிடுவர்.