கருமருதில் சுவர்ப்பெட்டி

கருமருது மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில் வளரும் மரம். முதலைத் தோல் போலப் பாளம் பாளமாக வெடித்த பட்டையால் தூரத்திலேயே அடையாளம் தெரியும். சேகு பழுப்பு நிறம்; அதில் கரும்பழுப்புக் கோடுகள் அலையலையாக ஓடும். இந்தக் கோடுகளுக்காகத்தான் சுவரில் மாட்டும் பெட்டிக்கு இம்மரத்தைத் தேடிப்போகிறார்கள். ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 850 கிலோ. தேக்கு 650 கிலோவை ஒட்டி நிற்கும். தச்சர்கள் பலர் கருமருதைத் தட்டிக்கழிப்பது இந்த எடைக்காகவும், உளி சீக்கிரம் மழுங்குவதற்காகவும். இரண்டையும் பொறுமையால் கடந்துவிடலாம். பொறுமை மட்டும் போதாத இடம் ஈரம்.

அறுத்த பலகையின் மேற்புறம் முதலில் காய்ந்து இறுகும். உள்ளே ஈரம் தங்கிவிடும். அதனால் மேலே மயிரிழை வெடிப்புகள் விழும். முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, பலகைகளுக்கு இடையே ரீப்பர் கொடுத்து, நிழலில் அடுக்க வேண்டும். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற பழைய கணக்கைக் கருமருதுக்குக் குறைந்தபட்சமாகவே கொள்ளலாம். மரக்கடையில் “நல்லாக் காஞ்ச மரம்” என்று கொடுக்கும் வாக்கை நம்பக் கூடாது; கை வைத்துப் பார்த்தால் தெரிவது மேற்புறம் மட்டுமே. பலகையின் முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு துண்டு வெட்டி எடைபோட்டு, அதை 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்த வேண்டும். 115 கிராம் 100 கிராமானால் ஈரம் 15 சதவீதம். கோவை போன்ற உள்மாவட்டத்து வீட்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் உள்ள பலகையில் இழைப்புளி வைக்கவே கூடாது.

பெட்டிக்கூடு எளிது. நான்கு பலகை, நடுவே ஒரு தட்டு, மூலைகளில் டவ்டெயில். நாரோட்டம் மாறி மாறிப் போவதால் இழைக்கும்போது சிம்பு பெயரும். அலகை நன்றாகத் தீட்டி மெல்லிய சீவலாக எடுத்தால் அடங்கும்.

பெட்டி கெடுவது கதவில். நான்கு சட்டங்களை இணைத்து, உட்புறம் காடி எடுத்து, நடுவே பலகையைச் செருகுவது வழக்கம். அந்தக் காடியில் பசை ஊற்றி இறுக்குவதுதான் திருத்த முடியாத பிழை. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும். 30 செ.மீ. அகலப் பலகையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலம் ஏறக்குறைய 3 மி.மீ. மாறும். கார்த்திகை மழையில் ஒட்டிய ஒரு பெட்டி பங்குனிவரை கண்ணாடி போல இருந்தது. பிறகு பலகை சுருங்கியது. இரு பக்கமும் பசை பிடித்துக்கொண்டது. நடுக்கோட்டில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்தாற்போல இரு கதவுகளிலும் கோடு பொருத்திய வேலை அது. அந்த ஜோடிக்கு மாற்றுப் பலகை எந்த மரக்கடையிலும் கிடைக்காது.

மரத்தூளைப் பசையில் குழைத்துப் பிளவை அடைப்பது பலரும் சொல்லும் வைத்தியம். அடுத்த மழைக்குப் பலகை ஊதும்போது அந்த அடைப்பே ஆப்பாகி வேறிடத்தில் பிளக்கும். பசை இல்லாவிட்டால் பலகை கடகடக்கும் என்ற வாதமும் சரியல்ல. மேலும் கீழும் நடுப்புள்ளியில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைத்தால் பலகை அசையாமல் நிற்கும். இரு பக்கமும் தன் போக்கில் விரியும், சுருங்கும். காடி 10 மி.மீ. ஆழம் வேண்டும். மழைக்காலத்தில் செய்தால் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி போதும், கோடையில் 3 மி.மீ. விட வேண்டும். பலகைக்குப் பாலிஷ் போட்ட பிறகே சட்டத்தில் செருக வேண்டும். இல்லையென்றால் சுருங்கும் காலத்தில் ஓரத்தில் வெளுத்த கோடு தெரியும். பின்பலகைக்கும் இதே விதி.

75 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி வெறுமையாகவே 20 கிலோவைத் தாண்டும். பின்பலகையைத் துளைத்து ஆணியில் தொங்கவிடுவது ஆபத்து. ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டியின் மேற்பலகையோடும் பக்கப்பலகைகளோடும் சேர்த்து ஸ்க்ரூ போட்டு, மறுபாதியைச் சுவரில் பொருத்த வேண்டும். சுவர்த் துளை பூச்சைத் தாண்டிச் செங்கல்லின் நடுவே இறங்க வேண்டும். இரு செங்கல்லுக்கு இடைப்பட்ட சாந்தில் பிடிப்பு நிற்காது.

கீல்களுக்குப் பித்தளை ஸ்க்ரூவை நேராக முடுக்கினால் கருமருதில் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடும். துளை போட்டு, அதே அளவு எஃகு ஸ்க்ரூவில் மெழுகு தடவி ஒருமுறை ஏற்றி இறக்கி, அந்தப் புரி விழுந்த துளையில் பித்தளையைக் கைத் திருப்புளியால் மெல்ல இறக்க வேண்டும்.