கூலி வேடத்தில் வந்தவர்

டயகம,
ஜனவரி 16

அன்புப் பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. நீ கொடுத்தனுப்பிய கொப்பி போன சனிக்கிழமை தலவாக்கலை பஸ்ஸில் வந்த உன் மாமன் கையில் வந்து சேர்ந்தது. இங்கே நாலு நாளாக விடியற்காலையில் உறைபனி. ஆத்தோரத்து மலையில் கொழுந்தெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடக்கிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து உன் கதையை இரண்டு தடவை படித்தேன். இன்று யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். 1711ஆம் ஆண்டு இதே நாளில்தான் அவர் கண்டியில் கண்மூடினார். செபமாலை சொல்லி முடித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்ட ஒரு சாகசக் கதை எழுதுகிறேன் என்றாய். அதற்கு வாஸ் அடிகளாரை எடுத்துக்கொண்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் எழுத்து ஆறு மாதிரி ஓடுகிறது. ஆனால் ஒரு இடம் நெஞ்சில் முள்ளாகக் குத்திவிட்டது. வாள் பிடித்த பையன் ஒருவன் கண்டிச் சிறையை உடைத்து, அடிகளாரைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பறந்துபோகிறானே, அந்த இடம்.

அவரை யாரும் மீட்கவில்லை, புள்ள. 1692இல் கண்டிக்கு வரும் வழியில் அவரைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசரின் உளவாளி என்று அரசவையிலிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் சொல்லிவைத்திருந்தார். சிறையில் இருந்த காலத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? சிங்களம் படித்தார். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு சிறு குடிலும் பீடமும் கட்டி, நத்தார் இரவில் பூசை வைத்தார். காவலர்கள் பார்த்தார்கள், அரசனும் விசாரித்தான். இந்த மனிதனால் தீங்கில்லை என்று தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகளைத் தளர்த்தி நகருக்குள் நடமாட விட்டார்கள். நடமாட விட்ட பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. கோவா எங்கே, கண்டி எங்கே? பெனாவுலிமில் வசதியான பிராமணக் குடும்பத்தில் 1651இல் பிறந்தவர் அவர். இலங்கைக்கு வந்த பிறகு அந்த ஊரைத் திரும்ப ஒருநாளும் பார்க்கவில்லை. இங்கே அவர் கழித்த இருபத்து நாலு வருஷத்தை எழுதுவதுதான் கஷ்டம். குதிரைப் பாய்ச்சலை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

நான் சின்ன வாத்தியாராக இருந்த காலத்தில் பழைய புத்தகக் கட்டு ஒன்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது, துரை வீட்டு அலமாரியிலிருந்து கழித்தவை. அதில் ஹென்டி என்ற இங்கிலாந்துக்காரர் எழுதிய கதைகள் நாலைந்து இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் படித்தேன். இந்தியாவில் கிளைவோடு சேர்ந்து சண்டை போடும் பையன், மைசூரில் திப்புவின் சிறையில் இருக்கும் தகப்பனைத் தேடிப்போகும் பையன். பயம் அறியாதவர்கள், வேதத்தில் பற்றுள்ளவர்கள், எப்போதும் வெள்ளைக்காரப் பையன்கள். நம்மைப்போன்றவர்கள் அந்தப் பக்கங்களில் மூட்டை தூக்கினோம், வழி காட்டினோம், செத்தோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கதாநாயகன் ஜெயிக்க வேண்டுமே என்று நானும் தவித்தேன். பிறகு ஒருநாள் வகுப்பில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன் வாங்கில் உட்கார்ந்திருந்த பையனின் காலைப் பார்த்தேன். செருப்பில்லாத, அட்டை கடித்த கால். அந்தக் காலுக்கு இந்தக் கதையில் எங்கே இடம் என்று தோன்றியது. பாதியிலேயே கதையை நிறுத்திவிட்டேன்.

வாஸ் அடிகளாரை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அவர் கூலியாக வந்தார். டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டு, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று கட்டளை போட்டிருந்தார்கள். அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் இடுப்பில் ஒரு துண்டு, வெறுங்கால். 1687இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி, புயலில் அலைக்கழிந்து மன்னாரில் ஒதுங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் வயிற்றுக்கடுப்பு. சாகக் கிடந்தவருக்கு ஒரு பெண் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துப் பிழைக்கவைத்தாள். எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை எடுத்தார். அந்த மாலையைக் கண்டு எந்தக் கண் ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறது என்று கவனிப்பார். ஒளித்துவைத்த விசுவாசத்தைக் கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி அது. உன் கதை இங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு வாசல், ஒரு பிச்சைக்காரர், உள்ளேயிருந்து எட்டிப்பார்க்கும் ஒரு பிள்ளை. மாலையைப் பார்த்துவிட்ட அந்தப் பிள்ளை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று திணறுகிறது. சொன்னால் வீட்டுக்கே ஆபத்து. இதைவிட நெஞ்சு அடித்துக்கொள்ளும் கட்டம் உனக்கு எங்கே கிடைக்கும்?

அவர் ஒதுங்கிய மன்னார்க் கரை நமக்கும் தெரிந்த கரைதானே. அவர் வந்து நூற்று முப்பது, நூற்று நாற்பது வருஷம் கழித்து நம்முடைய பாட்டன் பூட்டன்மார் அதே கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்து வந்ததே, ஞாபகமிருக்கும். உன் வகுப்புப் பிள்ளைகள் அந்த நடையின் வாரிசுகள். கூலி என்ற சொல்லை வசவாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு புனிதர் அந்த வேடத்தைத் தானாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லிப் பார். முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுது.

இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உன் கதையில் கண்டி அரசன் கண்ணை உருட்டுகிறான், பௌத்த பிக்குகள் சதி செய்கிறார்கள். இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த அரசன். டச்சுக்காரர் துரத்திய ஒரு குருவுக்கு அவருடைய நாட்டில்தான் இடம் கிடைத்தது. கிறிஸ்தவர்கள் விரட்டினார்கள், பௌத்தர் காப்பாற்றினார் என்பது வரலாறு. பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதே, நம்மைவிட அவர்களுக்குச் சீக்கிரம் புரியும். அதேபோல போர்த்துக்கீசர் வந்த கட்டத்தில் அவர்களை வெள்ளை மனத்துக்காரர்களாகக் காட்டியிருக்கிறாய். திருக்கோணேஸ்வரத்தை 1622இல் இடித்துக் கடலில் தள்ளியவர்கள் அவர்கள். நல்லூர்க் கோயிலையும் இடித்தார்கள். உன் அப்பாயி மாரியம்மனுக்கு விளக்கு வைப்பவள். அவள் மடியில் உட்கார்ந்து நீ எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுது. அவள் காதுக்குச் சொல்லக் கூசுகிற வரி ஒன்றுகூட அதில் இருக்கக்கூடாது.

டச்சுக்காரரையும் பேயாக்கிவிடாதே. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியவர்களைப் பிடித்து அடித்ததை ஒளிக்காமல் எழுது. ஆனால் அந்தப் படையிலும் வீட்டை நினைத்து அழுத ஒரு சிப்பாய்ப் பையன் இருந்திருப்பான்.

கதையின் உச்சம் எது என்று கேட்டால், நான் 1697ஐச் சொல்வேன். கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போனார்கள். அம்மை கண்டவர்களைக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு உறவினர்களே ஓடினார்கள். வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து வந்திருந்த கர்வாலியோ சாமியாரும் அங்கே போனார்கள். குடிசை போட்டார்கள், கஞ்சி ஊட்டினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதம் என்று யாரையும் கேட்கவில்லை. இதை எழுதும்போது அவசரப்படாதே. நாற்றத்தை எழுது, ஈயை எழுது, தூக்கமில்லாத கண்ணை எழுது. அவருக்கும் பயம் இருந்திருக்கும். அந்தப் பயத்தையும் விட்டுவிடாதே. பயமே இல்லாதவராகக் காட்டினால், ராத்திரி கக்கூசுக்குப் போகவே பயப்படுகிற நம் லயத்துப் பிள்ளை ‘இது நமக்கு ஆகாத காரியம்’ என்று புத்தகத்தை மூடிவிடும்.

1974 பஞ்சத்தை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த வருஷம் எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் ஒரு கிழவி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். என் ஆத்தா ஒரு பிடி கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சி, முதலில் அந்தக் கிழவிக்கு ஊட்டிவிட்டுத்தான் எங்களுக்கு ஊற்றுவாள். பசியில் நான் ஒருநாள் அந்தச் சட்டியைப் பிடுங்கப் போனேன். ஆத்தா அடிக்கவில்லை. அவள் கை நடுங்கியது, அது எனக்குத் தெரிந்தது. நடுங்கின கையோடுதான் அடுத்த காம்பராவுக்குப் போனாள். வைசூரிக் குடிசையில் வாஸ் அடிகளாரின் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்தாவின் கைதான் தெரிகிறது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவ்வளவு பெரிய கூட்டத்தில் நின்று நான் அழுதது அதற்காகத்தான்.

வாள் பிடித்த பையனை எடுத்துவிட்டால் பிள்ளைகள் யாரைப் பிடித்துக்கொண்டு கதைக்குள் போவது என்று கேட்பாய். உனக்கு ஒரு பையன் தயாராக நிற்கிறான். ஜான் என்ற வேலைக்காரன் அடிகளாரோடு சேர்ந்து கடல் கடந்து வந்தான். அவர் பட்ட பசி, நோய், சிறை எல்லாம் அவனும் பட்டான். புனிதர் பட்டம் அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவன் மனதில் என்ன இருந்தது என்று யாரும் எழுதிவைக்கவும் இல்லை. அதை நீ கற்பனை செய்யலாம், அங்கே உனக்கு உரிமை உண்டு. அவன் கண்ணால் கதையைச் சொல். ‘எதற்காக இந்த ஆளோடு நடந்துகொண்டிருக்கிறேன்’ என்று அவன் ஒரு ராத்திரியாவது கேட்கட்டும். ஆண்டவரைப் பார்த்துக் கேட்கட்டும். உடனே பதில் வரவேண்டாம்.

அற்புதங்களை ஒன்றுக்கு மேல் வைக்காதே. மழை பெய்ய வைத்த கதையைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிவார்கள்.

கொப்பியில் பென்சிலால் சில இடங்களில் குறித்திருக்கிறேன். பயந்துவிடாதே, பாதி எழுத்துப் பிழைதான். மாமன் திங்கட்கிழமை தலவாக்கலைக்குப் போகும்போது அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பெரிய வியாழனுக்கு லீவில் வரும்போது புதிதாக எழுதியதைக் கொண்டு வா. அப்பாயியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நீயே சத்தமாக வாசி. எனக்கு இப்போது இரவில் கண் சரியாகத் தெரிவதில்லை.

ஆண்டவர் துணை.

உன் தாத்தா

(கம்பளிச் சட்டை ஒன்று உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மாமன் கையில் அதையும் தருகிறேன்.)