புகையிலைச் சரக்கைப் பூஞ்சணத்தினின்று காத்தல்

கோயமுத்தூர், திண்டுக்கல் பிரதேசங்களில் ஐப்பசி, கார்த்திகையில் நடப்பெறும் புகையிலை மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. அது வெயிலில் உலர்ந்து, அம்பாரத்தில் பாடமாகி, சிப்பமாகக் கட்டப்பட்டு, நல்ல விலையை எதிர்நோக்கிக் கிடங்கில் வைக்கப்படுகிறது. கோடை முழுவதும் யாதொரு குறைவுமின்றி இருந்த சரக்கு, அடைமழை தொடங்கிய சில வாரங்களுக்குள் பூஞ்சணம் பிடித்துப் போவதுண்டு. ஓராண்டு உழைப்பும், சரக்கின் ஈட்டின்மேல் சங்கம் கொடுத்த கடனும் இதனால் ஒருங்கே ஆபத்துக்குள்ளாகின்றன. ஆகையால் இதன் காரணத்தையும் தடுக்கும் வழியையும் ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியம்.

1. பூஞ்சணம் உண்டாகும் விதம்

பூஞ்சணம் என்பது கண்ணுக்குப் புலப்படாத வித்துக்களினின்று முளைக்கும் ஒருவகை நுண்ணுயிர். இவ்வித்துக்கள் காற்றிலும், மண்ணிலும், பழஞ் சாக்கிலும் எப்பொழுதும் உள்ளன. அவற்றை அடியோடு ஒழிப்பது இயலாது. அவை முளைப்பதற்கு வேண்டுவது ஈரம் ஒன்றே. அதனை மறுப்பது நம் கையில் உள்ளது.

பாடமான புகையிலை காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நடுப்பகலில் நொறுங்கும் இலை, விடியற்காலைப் பனியில் துணிபோல் துவள்வதை யாவரும் அறிவர். காற்றின் ஈரத்தன்மை நூற்றுக்கு 65 அல்லது 70 பங்குக்கு மேற்பட்டுப் பல நாள் நீடிக்குமாயின் பூஞ்சணம் முளைக்க இடமுண்டாகும். கருவி இல்லாதவர்க்கு உப்புச் சாடியே போதிய அடையாளமாகும். ஈரத்தன்மை ஏறத்தாழ 75 பங்கை எட்டும்போது உப்புக் கசியத் தொடங்கும். வீட்டில் உப்புக் கசியும் நாளில் சிப்பத்தைப் பிரித்தலும் கட்டுதலும் கூடாது.

வெல்லத் தண்ணீர் தெளித்த இலை அதிக ஈரத்தை இழுக்குமாதலின், அதனைப் பின்னும் நன்றாக உலர்த்திய பிறகே கட்டவேண்டும்.

2. உப்புப் பூத்தலும் பூஞ்சணமும்

மெல்லும் புகையிலையின்மேல் வெண்மையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணமன்று. உவர்நீர்க் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த இலையில் உப்புப் பூப்பது இயல்பு. வியாபாரிகள் அதனை நல்ல சரக்கின் குறியாகவே மதிக்கின்றனர். இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் நல்ல சரக்கைக் கழிப்பவரும் உண்டு; கெட்ட சரக்கை உப்பென்று நம்பிக் கிடங்கில் விடுபவரும் உண்டு. பின்னதே பெருங்கேடு.

உப்பு சிறு மணிகளாக இலையோடு ஒட்டி வெளிச்சத்தில் மின்னும், வாடையற்றது, ஒரு துளி நீர் விட்டால் கரைந்து மறையும். பூஞ்சணம் பஞ்சுபோல் மேலெழுந்து நிற்கும்; முதலில் வெண்மையாயிருந்து பின் சாம்பல் அல்லது பச்சை நிறமாகும்; துடைத்தால் தூளாகப் பறக்கும்; நீரில் கரையாது; முடை நாற்றமுடையது. ஈரம் கடைசியாக வற்றும் தடித்த நடுநரம்பின் அடியிலேயே அது பெரும்பாலும் தோன்றும். ஆதலால் சோதிப்பவர் இலையின் பரப்பைமட்டும் பாராமல் காம்படியைப் பார்க்கவேண்டும்.

3. நிறையின்மேல் ஆசை

இலையைச் சற்று ஈரமாகவே கட்டினால் நிறை கூடும் என்பது பலருடைய எண்ணம். கணக்கிட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 15 பங்கு ஈரமுள்ள 100 கிலோ இலையில் 85 கிலோவே உலர்ந்த பொருள். ஈரம் 20 பங்காக உயர்ந்தால் அதே சரக்கு 106¼ கிலோ நிற்கும். அதிகப்படியான 6¼ கிலோவும் வெறும் தண்ணீரே. இத்தண்ணீருக்கு விலை பெறும் ஆசையால் 100 கிலோவையும் இழக்க நேரிடும்.

மேலும், பொதுக் கிடங்கில் இந்நஷ்டம் ஒருவரோடு நிற்பதில்லை. ஈரச் சிப்பம் உள்ளே புழுங்கிச் சூடேறும். அதன் ஆவியும் வித்துக்களும் அடுத்த சிப்பங்களைச் சேரும். நன்றாக உலர்த்திக் கொணர்ந்த ஏழை அங்கத்தினரின் சரக்கும் அயலாரின் பேராசையால் கெடும். ஆகவே, ஈர இலையை ஏற்க மறுக்கும் கிடங்குப் பொறுப்பாளர் பகைவராகார்; அவர் எல்லோருடைய முதலையும் காப்பவராவார். நடுநரம்பை வளைத்தால் ஒடியவேண்டும். ஒடியாமல் துவண்டால் சரக்கு இன்னும் உலரவேண்டியதென்று திருப்பிவிடுதலே முறை. இவ்விதி தலைவருக்கும் கடைசி அங்கத்தினருக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

4. கிடங்கில் கவனிக்கத்தக்கவை

சிப்பங்களைத் தரையில் வையாமல், ஓர் அடி உயரமுள்ள பலகைமேல் அடுக்குக. சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஒருவர் நடக்க வழி விடுக. ஓட்டின் ஒழுக்கை ஆடியிலேயே சீர்செய்க. காற்று உலர்ந்திருக்கும் பகலில் கதவைத் திறந்து, மழையிலும் பனியிலும் மூடுக. மழைக்காலத்தில் வாரந்தோறும் அடுக்கின் நடுவே கையை விட்டுப் பார்க்கவேண்டும். சூடு தோன்றினால் அன்றே அடுக்கைக் கலைத்து, அடியிலிருந்ததை மேலாக மாற்றியடுக்குக.

5. பூஞ்சணம் கண்டால்

பிடித்த சிப்பத்தை உதறாமல் வெளியே எடுத்துச் செல்க. அத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்க்கு நுரையீரல் நோய் உண்டாகுமாதலால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் அவசியம். அண்டைச் சிப்பங்களையும் பிரித்துச் சோதித்து, உலர்த்தித் தனியே வைக்கவேண்டும்.

பூஞ்சணத்தைத் துடைத்து நல்ல இலையோடு கலப்பது வஞ்சகமாகும். வெளியே துடைக்கப்பட்டாலும் அதன் நுண்ணிழைகள் இலைக்குள் ஊடுருவியிருக்கும். வெயில் அதன் வளர்ச்சியை நிறுத்துமேயன்றிக் கெட்டதை நல்லதாக்காது. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் விட்டுச்சென்ற நஞ்சே அதற்குக் காரணமென்று பின்னர் அறியப்பட்டது. நிலக்கடலை சேமிக்கும் சங்கங்களும் இதனை மறத்தலாகாது.

கழித்த இலையை மாட்டுக்குப் படாத இடத்தில் ஆழப் புதைக்கவேண்டும். புகையிலை, மிளகாய், தக்காளி பயிரிடும் நிலத்தின் எருக்குழியில் இடலாகாது. தேமல் நோய்க் கிருமி உலர்ந்த இலையிலும் பல்லாண்டு உயிர்த்திருக்கும்.

பூஞ்சணமற்ற புகையிலையும் உடலுக்கு நன்மையன்று. மெல்லுவோர்க்கும் புகைப்போர்க்கும் அது புற்றுநோய் விளைவிப்பதாகும். இப்பாடம் சரக்கைக் காக்கும் முறையைக் கூறுவதேயன்றி அதன் உபயோகத்தைச் சிலாகிப்பதன்று.

சங்கக் கூட்டத்தில் கேட்கவேண்டிய வினாக்கள்

1. உப்புப் பூத்தலையும் பூஞ்சணத்தையும் எவ்வாறு பிரித்தறியலாம்?
2. நடுநரம்பை வளைத்துப் பார்ப்பது ஏன்?
3. ஓர் ஈரச் சிப்பத்தால் மற்ற அங்கத்தினர்க்கு நஷ்டம் எங்ஙனம் நேரும்?
4. நம் கிடங்கின் கூரை சென்ற மழையில் எங்கெங்கே ஒழுகியது? அதனைச் சீர்செய்ய இன்று பொறுப்பேற்பவர் யார்?