நல்லவங்களும் நல்ல பாம்பும்: அயர்லாந்திலிருந்து கோவில்பத்து வரை

அக்டோபர் கடைசி வாரம் வந்தா போதும், உங்க இன்ஸ்டா முழுக்க பூசணிக்காய் முகம்தான். ஹாலோவீன் அமெரிக்கப் பண்டிகைன்னு நினைக்கிறீங்களா? அதோட வேர் அயர்லாந்துல இருக்கு. அங்கே அதுக்குப் பேர் 'சாவின்'. நவம்பர் 1 குளிர்காலத்தின் முதல் நாள்; முந்தின நாள் பொழுது சாயும்போதே அது தொடங்கிவிடும். அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வீடு திரும்பும் நேரம். அந்த ராத்திரி செத்தவங்களும் தேவதைகளும் வெளியே உலாவுவாங்க என்பது நம்பிக்கை. முதலில் முகம் செதுக்கினது டர்னிப் கிழங்கில்தான். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவங்க கையில் கிடைத்தது பூசணி.

சிரிக்காதீங்க. நம்ம சிவில் நண்பர்கள் நாளைக்குக் கட்டப்போற எந்தக் கட்டடத்திலும் கோரப்பல் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்கத்தான் போகுது!

பெயர் சொல்லாதே

அயர்லாந்துக் கிராமங்களில் தேவதைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. 'நல்லவங்க' என்பாங்க. நல்லவங்க என்பதால் இல்லை, பயத்தால். அந்தத் தேவதைகளுக்கு டிஸ்னி படத்து இறக்கையும் மந்திரக்கோலும் கிடையாது. குழந்தையை மாற்றி வைக்கும், மாட்டின் பாலை வற்ற வைக்கும்.

இப்ப நம்ம பக்கம் பாருங்க. கடித்தால் ஆளைக் கொல்லும் பாம்புக்கு என்ன பேர்? நல்ல பாம்பு. அம்மை கண்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்கிறோம். பேய் என்று சொல்லாமல் 'காத்து கருப்பு' என்கிறோம். பயத்தை மரியாதையால் மூடுகிற அதே வேலை.

ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. காரைக்கால் அம்மையார் அழகு வேண்டாம், பேய் வடிவம் போதும் என்று கேட்டு வாங்கியவர். அவருக்கு ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. வீட்டு மாடியிலிருந்து மாம்பழம் வீசுவாங்க, கீழே கூட்டம் பிடிக்கும். பேய் வடிவெடுத்த ஒரு பெண்ணை ஊரே 'அம்மையார்' என்று கும்பிடுவதை அயர்லாந்துக்காரருக்கு எப்படி விளக்குவீங்க? யோசிங்க.

மரமும் ரோடும்

அயர்லாந்தில் தனியா நிற்கும் ஹாதார்ன் முள்மரத்தை வெட்ட மாட்டாங்க, தேவதைகளின் மரம். 1999ல் கிளேர் மாவட்டம் லாட்டூனில் புது நெடுஞ்சாலைப் பாதையில் அப்படி ஒரு மரம் குறுக்கே வந்தது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி எதிர்ப்புத் தெரிவித்தார். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் ரோடு போட்டாங்க. நம்ம ஊர்ல முனீஸ்வரன் குடியிருக்கும் மரத்துக்கு முன்னாடி ஜேசிபி தயங்கி நின்ற கதை உங்க தெருவிலேயே ஒண்ணு இருக்கும். விசாரிங்க.

விதையும் தண்ணியும்

அயர்லாந்து வருஷத்தை நாலு நாள் பிரிக்கும்: நவம்பர் 1, பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1. நாலும் மாட்டையும் பயிரையும் ஒட்டியவை. நம்ம வருஷத்தைப் பிரிப்பது தண்ணி.

காரைக்கால் கோவில்பத்துக்குப் பழைய பேர் திருத்தெளிச்சேரி, சம்பந்தர் பாடிய தலம். பஞ்ச காலத்தில் சிவன் உழவராக வந்து விதை தெளித்ததால் அந்தப் பேர் வந்தது என்பது தலக்கதை. நாத்து நடாமல் நேரடியா விதை தெளிப்பது டெல்டாவில் இன்னைக்கும் நடக்கிற வேலை. ஒரு வேலை சாமி கதையாகி, ஊர்ப் பேராகவே நின்றுவிட்டது.

1934ல் மேட்டூர் அணை வந்தபிறகு வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில். தண்ணி கடைமடைக்கு வந்து சேர்ந்த சந்தோஷம்தான் காப்பரிசி, காதோலை கருகமணி, முளைப்பாரி, பிள்ளைங்க இழுக்கும் சப்பரம் எல்லாம். தண்ணி வராத வருஷங்களில் அடிபம்பில் தண்ணி அடித்துக் கும்பிட்டவங்களும் உண்டு. ஆறு வரலைன்னாலும் சடங்கு வந்துவிட்டது. ஆனா சடங்குக்கு ஏன் ஆறு வேணும் என்று தெரிந்த ஆள் குறைந்துகொண்டே போகிறார்.

நீங்க செய்ய வேண்டியது

1937லிருந்து 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. சுமார் 5,000 பள்ளிகளில் ஏறத்தாழ 50,000 பிள்ளைங்களிடம், "உங்க வீட்டுப் பெரியவங்க சொல்றதை எழுதிட்டு வாங்க" என்று நோட்டைக் கொடுத்தது. அந்தக் குவியல் இப்ப இணையத்தில் யார் வேணும்னாலும் படிக்கலாம். எழுதினவங்க 11 முதல் 14 வயசுப் பிள்ளைங்க! இங்கே, பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா., புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். நம்மகிட்ட போனும் மைக்கும் சும்மா இருக்கு.

செமஸ்டர் லீவுல இதைச் செய்யுங்க:

1. அப்பாயி, அம்மாச்சி, பக்கத்து வீட்டுத் தாத்தா, யாராவது ஒருத்தரிடம் அனுமதி கேட்டுட்டு ரெக்கார்டு போடுங்க.
2. "பேய் உண்டா?" என்று கேட்காதீங்க. "எந்த மரத்துக்குக் கீழே போகக்கூடாதுன்னு உங்களுக்குச் சொன்னாங்க?" என்று கேளுங்க. இடம் கேட்டால் கதை தானா வரும்.
3. அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க. 'காத்து கருப்பு' என்றால் அதையே எழுதணும், 'ஆவி' என்று திருத்தக்கூடாது.
4. ஊர், மாசம், அந்த மாசம் வயலில் என்ன வேலை, வாய்க்காலில் தண்ணி இருந்ததா என்று குறிச்சுக்குங்க.
5. "முன்னோர் எல்லாம் விஞ்ஞானிகள்" என்று முடிவு கட்டாதீங்க. முளைப்பாரி விதைச் சோதனையா இருக்கலாம், வெறும் வேண்டுதலாவும் இருக்கலாம். ரெண்டையும் எழுதுங்க.
6. ஃபைலை ரெண்டு இடத்தில் சேமிங்க. போன் போனா கதையும் போச்சு.

லாட்டூன் மரத்தைக் காப்பாத்த அதோட கதை தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். உங்க ஊர் மரத்துக்கு யார் இருக்காங்க? இந்தத் தடவை ஊருக்குப் போகும்போது கேட்டுட்டு வாங்க. எழுதி அனுப்பினா, அடுத்த இதழ்ல இந்தப் பக்கம் உங்களுக்கு.