எந்த மூட்டையில் வந்தது என்று எழுதி வை

தென்காசி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுள்ளிக்கல் பக்கம் இடித்த வீட்டிலிருந்து எடைக்கு வந்த பித்தளை மூட்டையில், உடைந்த விளக்குத் தண்டுகளுக்கும் உருளிக் காதுகளுக்கும் நடுவே நான்கு கறுத்த காசுகள் கிடந்ததாக எழுதியிருக்கிறாய். பட்டறைக்காரர் ஒருவர் உருக்குவதற்குக் கிராம் கணக்கில் விலை சொல்லிவிட்டார், சனிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார் என்கிறாய். கொடுக்காதே. அவர் சொன்ன விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் கொடுக்காதே.

வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதிலிருந்து பழைய வெள்ளி எது கண்ணில் பட்டாலும் நேரே மூசைக்குத்தான் போகிறது. கொலுசு போகட்டும், குங்குமச்சிமிழ் போகட்டும், அவற்றை மறுபடி செய்துகொள்ளலாம். கொச்சி மட்டாஞ்சேரிக்குக் கடல் வழியாக வந்து, யார் கையிலோ இருந்து, ஒரு வீட்டுப் பெட்டியின் அடியில் தங்கிப்போன காசு உருகினால் உருகியதுதான். பஜார் ரோடு கிடங்குகளில் இருந்த காலத்தில் அப்படிப் போனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய காசுகள் இரண்டையும் பற்றி. முக்காடிட்ட பருத்த பெண், தோளுக்குக் கீழே எஸ்.எஃப். என்ற எழுத்துகள், பின்பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்ற ஆண்டு. ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் தாலர் அது. 1780இல் அவர் இறந்துபோனார், காசின் ஆண்டு மட்டும் மாறவே இல்லை. செங்கடல் ஓரத்திலும் ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் இந்த முகத்தையும் இந்த ஆண்டையும் பார்த்தால்தான் நம்பி வாங்கினார்கள். அதனால் வியன்னாவில் அதே அச்சை, அதே ஆண்டோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1935இல் முசோலினி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தபோது ரோமிலும் அடித்தார்கள். அடுத்து லண்டனில் தொடங்கியது. 1940, 41இல் நம் பம்பாய் அக்கசாலையிலேயே அடித்திருக்கிறார்கள். ஆகவே, இருநூற்று நாற்பது வருடப் பழங்காசு கையில் கிடைத்துவிட்டது என்று துள்ளாதே. உன் கையில் இருப்பது பம்பாயில் அடித்ததாகவும் இருக்கலாம். எங்கே, எப்போது அடித்தது என்பதைக் கழுகின் இறகுகளையும், அரசியின் மார்பூசியில் உள்ள முத்துகளையும் எண்ணித்தான் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். காசில் போட்ட ஆண்டை மட்டும் நம்பி யாரிடமும் விலை பேசிவிடாதே.

மூன்றாவது, அரபு எழுத்துள்ளது, சவூதி ரியால் போலத் தெரிகிறது. 1354 என்பது ஹிஜ்ரி ஆண்டு, நம் கணக்கில் 1935. எடை சுமார் பதினொன்றரை கிராம், நம் பழைய வெள்ளி ரூபாயோடு கிட்டத்தட்ட ஒன்று. நான்காவது, பனைமரம் போட்டது, சிலோன் 50 சதம், ஜார்ஜ் மன்னர் தலை, 1914. இவை இரண்டும் பெரிய விலைக்குப் போகிற சரக்கு இல்லை.

ஆனால் நான்கும் ஒரே மூட்டையில், ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கின்றன. மருமகனே, இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஏமன் கரையில் ஓடிய காசு, ஜித்தா பக்கத்துக் காசு, கொழும்புக் காசு, மூன்றும் ஒரே வீட்டில். உரு என்னும் மரக்கலத்திலோ கப்பலிலோ வேலை பார்த்த ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கலாம். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவராக இருக்கலாம். அந்தக் கரைகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வியாபாரியாகவும் இருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான்கையும் நான்கு பேருக்கு விற்றுவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

சேர்ந்து கிடப்பதன் மதிப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் ஒரு புதையல் கிடைத்தது. ரோமானியர்களின் வெள்ளிக்காசும் பொற்காசும், நம் நாட்டு முத்திரைக் காசும் ஒன்றாக இருந்தன. மூன்றையும் ஒரே இடத்தில் ஒருவர் சேர்த்து வைத்திருக்கிறார் என்பதுதான் அதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய செய்தி. ரோமானியக் காசு தனியாக எத்தனையோ இடத்தில் கிடைக்கிறது. பக்கத்தில் என்ன கிடந்தது என்று தெரிந்தால்தான் அது வாய் திறக்கும். 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்ஙளாயியில், நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் ரப்பர் தோட்டத்தில் மழைக்குழி வெட்டும்போது ஒரு பாத்திரம் அகப்பட்டது. வெடிகுண்டோ என்று முதலில் பயந்தார்கள். உள்ளே முத்து, பொன் பதக்கம், வெள்ளிக்காசு. அந்தப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்ளாமல் போலீசுக்குச் சொன்னார்கள். அதனால்தான் வெனிஸ் காசும், பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவில் அடித்த காசும், கண்ணூர் ஆலிராஜாவின் காசும் ஒரே பானையில் இருந்தது இன்று எல்லோருக்கும் தெரிகிறது. அன்றாடக் கூலிக்கு மண் வெட்டியவர்கள் செய்த காரியம் அது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நம் தொழில் நேர் எதிரானது. ஆக்ரிக்கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, வந்ததும் சாமானின் ஊரும் பேரும் போய்விடும். பித்தளை ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், ஈயம் ஒரு குவியல். 1948க்குப் பிறகு மட்டாஞ்சேரி ஜூ டவுனின் யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது எத்தனையோ வீட்டுச் சாமான்கள் கைமாறின. இன்று அந்தத் தெருக் கடைகளில் நிற்கும் பெட்டியையோ விளக்கையோ காட்டி, இது எந்த வீட்டுடையது என்று கேட்டுப் பார். பதில் சொல்ல ஆள் இருக்காது.

ஆகையால் ஒரு நோட்டு வாங்கு. மூட்டை வந்த தேதி, எந்தத் தெரு, என்ன மாதிரி வீடு, கொண்டுவந்தவர் யார், காசோடு வேறு என்ன சாமான் இருந்தது என்று எழுது. காசுகளை ஒன்றாக வைத்துப் படம் எடு, பிறகு தனித்தனியாக இரண்டு பக்கமும் விளிம்பும். காசை வைக்கும் காகிதப் பொட்டலத்தின் மேல் நோட்டின் பக்க எண்ணைப் போடு. ஐந்து நிமிஷ வேலை. சேகரிப்பாளருக்கு விற்கும்போதும் இந்தப் பக்கம் உனக்குப் பயன்படும்.

இனி, வெள்ளியா என்று பார்ப்பது. காந்தம் முதலில். ஒட்டினால் அதை ஒதுக்கிவிடு, வெள்ளியில் காந்தம் ஒட்டாது. ஒட்டாததெல்லாம் வெள்ளியும் ஆகாது, செம்பிலும் நிக்கல் கலந்த செம்பிலும்கூட ஒட்டாது. அடுத்து எடை. கடைத் தராசு இதற்கு உதவாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்கிக்கொள். மரியா தெரசா 28.07 கிராம், அதில் 1000க்கு 833 பங்கு வெள்ளி, அதாவது சுத்த வெள்ளி மட்டும் 23.4 கிராம். பிரிட்டிஷ் வர்த்தக டாலர், திரிசூலம் பிடித்த பெண் நிற்பாளே, அது 26.95 கிராம், 900 தரம். அதையும் பெரும்பாலும் பம்பாயில்தான் அடித்தார்கள். ஸ்பெயினின் எட்டு ரியால் காசு சுமார் 27 கிராம். மிளகுக்கு விலையாக ஐரோப்பியர்கள் கொண்டுவந்து கொட்டிய வெள்ளியில் பெரும்பங்கு அதுதான், மெக்சிகோவிலும் பெருவிலும் தோண்டிய வெள்ளி. பழங்காசு தேய்ந்து கொஞ்சம் குறையலாம், ஆனால் இரண்டு மூன்று கிராம் குறைந்தால் சந்தேகப்படு. இந்தப் பெரிய டாலர்களில்தான் போலி அதிகம்.

அதற்கும் மேலே ஒரு சோதனை உண்டு, காசில் கீறல்கூட விழாது. சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசின்மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கு. காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் தண்ணீருக்குள் தொங்கவிடு. தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகு. 900 தர வெள்ளியானால் 10.3 பக்கம் வரும், மரியா தெரசாவுக்கு 10.2. நிக்கல் கலந்த செம்பு 8.9இல் நிற்கும். உரைகல்லும் அமிலமும் பத்தர்களுக்குப் பழகிய வழி, நகைக்கு நல்லது. காசுக்கு வேண்டாம், அந்தத் தழும்பு போகாது.

கறுப்பைப் போக்க நினைக்காதே. புளி, சாம்பல், பல்பொடி, பாலிஷ் ஒன்றும் கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பாளர் தொடவே யோசிப்பார். மண் இருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடு. ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதே, அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையும் நாளாவட்டத்தில் பிசுபிசுப்பைக் கக்கும்.

வெளிநாட்டுக் கழிவு மூட்டையிலும் காசு வருகிறதே என்று கேட்டிருந்தாய். அரைத்துத் தள்ளிய பழைய கார்களின் இருக்கை இடுக்கில் விழுந்த சில்லறை அது. பெரும்பாலும் வெள்ளி இல்லை. அமெரிக்கப் பத்து சென்டும் கால் டாலரும் 1964 வரை, சுவிட்சர்லாந்துப் பிராங்க் 1967 வரை, ஆங்கிலேயர் ஷில்லிங் 1946 வரை வெள்ளி. 1920க்கு முந்திய ஷில்லிங் 925 தரம், பிறகு பாதிக்குப் பாதி. அமெரிக்கக் காசின் விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் கீழே போட்டுவிடு. இதில் இதற்கு மேல் நேரம் செலவழிக்காதே. மட்டாஞ்சேரி வீடுகளிலிருந்து வருவதில் கண் வை. பொட்டுப் போல் இருக்கும் சங்கு முத்திரை வெள்ளிக்காசு கண்ணில் பட்டால் அது கொச்சி ராஜ்யத்துப் புத்தன் என்னும் காசு. மூட்டையை உதறும்போது தூசியோடு போய்விடும் அளவுதான், கீழே துணி விரித்துக்கொண்டு உதறு.

சட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. மண்ணுக்கடியில் தோண்டி எடுத்தது என்று தெரிந்தால் தொடாதே. கேரளத்தில் 1968இலிருந்து அதற்குத் தனிப் புதையல் சட்டம் இருக்கிறது, அரசுக்குச் சொல்லியாக வேண்டும். நூறு வருடம் கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஜூ டவுனுக்கு வரும் வெள்ளைக்காரர் எவ்வளவு கொடுத்தாலும் சரி. எங்கிருந்து வந்தது என்று வாய் திறக்காதவர் கொண்டுவந்தால் பித்தளையைக்கூட வாங்காதே. நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே வண்டி தள்ளிப் பழைய சாமான் எடுக்கிறார்கள். ஒருவன் திருட்டுப் பொருளில் மாட்டினால் சந்தேகம் அத்தனை பேர் மேலும் விழும்.

கடைசியாக அந்த வீட்டுக்காரம்மா. அவருடைய தாயார் காலமான பிறகு வீட்டை இடித்து, சாமானை எடைக்குப் போட்டார் என்று எழுதியிருக்கிறாய். நாம் கொடுத்தது பித்தளை விலை. உள்ளே வெள்ளி இருந்தது அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், வாங்கினவன் அதிர்ஷ்டம் என்று உன் கூட்டாளி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். பெரிய கிடங்கில் டன் கணக்கில் ஏலம் எடுத்த கழிவில் கிடைத்தால் அது உன் கண்ணுக்குக் கிடைத்த கூலி, மறுக்கவில்லை. இது தாயை இழந்த ஒரு பெண் அள்ளிப் போட்ட மூட்டை. அந்தக் காசில் அவருடைய பாட்டனார் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போ. வெள்ளி என்று சொல், எடையையும் அன்றைய விலையையும் சொல். திருப்பிக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடு, படமும் நோட்டில் எழுதியதும் உன்னிடம் இருக்கும். விற்கச் சம்மதித்தால் வெள்ளி விலைக்குக் குறையாமல் கொடு. பணம் போதாவிட்டால் எனக்கு ஃபோன் செய், அனுப்பி வைக்கிறேன். எப்படியானாலும் அந்த வீட்டில் கடலுக்குப் போனவர் யார், எந்த ஊர் வரை போனார் என்று கேட்காமல் எழுந்து வந்துவிடாதே. அவர் சொல்வதை அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள், பிறகு எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் தாய்மாமன்