தளர்வும் கவனமும்

தேர்வறையில் வினாத்தாளைக் கண்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நன்கு படித்த பாடமும் நினைவுக்கு வர மறுக்கிறது. அச்சத்தின் சுமையை மனத்தோடு உடலும் தாங்குகிறது. ஆதலால்தான் இளையோருக்கான தனிநபர் உளவியல் சிகிச்சையில் தளர்வுப் பயிற்சியும் முழுக்கவனப் பயிற்சியும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். ஆயினும் அவற்றின் நோக்கங்கள் வேறு.

தளர்வுப் பயிற்சி உடலிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை 1929இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இன்று கற்பிக்கப்படும் வடிவில், விரல்களைச் சில நொடிகள் இறுக மூடிப் பின் மெல்ல விடுவிப்பர். இறுக்கத்திற்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர், தோளும் தாடையும் தம்மையறியாமல் இறுகும்போது அதனைக் கண்டுகொள்வார்.

முழுக்கவனப் பயிற்சியோ பதற்றத்தை விரட்ட முயல்வதில்லை. ‘நான் தோற்றுவிடுவேன்’ என்னும் எண்ணம் எழுந்தால், அதனோடு வாதிடாமல், ‘இப்படியோர் எண்ணம் வந்துள்ளது’ எனக் கவனித்து மூச்சின்பால் திரும்பச் சொல்கிறது. பாலி மொழியில் ‘சதி’ எனப்படும் பௌத்தப் பயிற்சியிலிருந்து பிறந்தது இது. 1979இல் ஜான் கபாட்-சின் இதனைச் சமயச் சார்பின்றி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். மனம் அலைபாய்வதைத் தோல்வியெனக் கருதி முதல் வாரத்திலேயே கைவிடுவோர் உண்டு. அலைந்ததை அறிந்து மீள்வதே பயிற்சி.

இதனை வகுப்பு முழுவதற்கும் ஒரே வகையாகக் கற்பித்தால் போதாதா என்னும் வினா எழலாம். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட மாணவரிடம் அவ்வாறு செய்து பார்த்தனர். வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் மனநலப் பயன் கிடைக்கவில்லை என 2022இல் வெளிவந்த முடிவுகள் காட்டின. மாணவருள் பலர் வீட்டில் பயிலவுமில்லை.

தனிநபர் சிகிச்சையில் ஆலோசகர் முதலில் செவிமடுக்கிறார். கொடிய நிகழ்வொன்றைக் கடந்து வந்தவருக்குக் கண்ணை மூடியதும் அக்காட்சியே எழலாம். அவரைக் கண் திறந்தபடி, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரச் சொல்வார். ஓரிடத்தில் அமர இயலாதவருக்கு மெல்லிய நடையே பயிற்சியாகும். பள்ளிக்கு வர அஞ்சுபவருக்குத் தளர்வு மட்டும் போதாது. அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளவும் துணை வேண்டும். வீட்டில் நாள்தோறும் அடிபடும் சிறுவனிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்லி அனுப்புவதோ பெரும் அநீதி. அவனுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் அதற்கென உள்ளது. மனத்துயருக்கு 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.