எதோடு ஒப்பிட்டு?

அன்புள்ள தங்கைக்கு,

தாதிமைப் பயிற்சியில் ‘ஆய்வு ஆதாரம்’ என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் அதற்கு வேலை இருக்காது, வார்டில் சிஸ்டர் சொல்வதைத்தானே செய்யப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். உன் சந்தேகம் நியாயமானதுதான். பாடப்புத்தகம் அமெரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் காட்டிக்கொண்டே போனால், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் வளர்ந்த பிள்ளைக்கு அது வேறு யாருடைய சொத்தோ என்றுதான் தோன்றும். ஆனால் மருத்துவ உலகம் இன்றும் மேற்கோள் காட்டும் ஒரு பழைய ஒப்பீட்டுச் சோதனை நீ இருக்கும் இந்தக் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதன் நடுவில் இருந்தது நம் வீட்டுப் புழுங்கலரிசி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி நோய் கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் ஓய்ந்துவிடும். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. கம்பங்களில் கையால் குத்திய அரிசியைச் சாப்பிட்ட மலாய்க்காரர்களும் பெரும்பாலும் தப்பினார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்திய அரிசி. கெட்டுப்போன வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது அவர் முடிவு. 1907இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாததில் நியாயமும் இருந்தது. சீனரும் தமிழரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, தொடுகறி வேறு. நோய் மண்ணிலிருந்து வருகிறது, ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்று சொன்னவர்களின் வாயை அடைக்கப் பிராடனிடம் எதுவும் இல்லை. அவருடைய கவனிப்பு கூர்மையானது, ஆனால் அது கவனிப்பு மட்டுமே.

அந்தப் புத்தகம் வருமுன்பே, 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வார்டுக்குப் போனார்கள், வெள்ளை அரிசி சாப்பிட்டார்கள். இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு வார்டில் புழுங்கலரிசி சாப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி வந்திருந்தது. 18 பேர் இறந்துவிட்டார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் கண்டவர்கள் இரண்டே பேர், அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இவ்வளவோடு விட்டிருந்தால், அந்த வார்டின் தரையில் ஏதோ கோளாறு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் ஃபிளெட்சர் இடையிலேயே இரு கூட்டத்தாரையும் வார்டு மாற்றினார். இடம் மாறியது, அரிசி மாறவில்லை. நோய் அரிசியோடுதான் போனது. அப்புறம் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, இரண்டு அரிசியையும் கொடுத்து, பிறகு அரிசியை மாற்றியும் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றது.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார். பிராடன் சொன்ன நஞ்சு என்று ஒன்று கிடையாது. தவிட்டோடு போய்விட்ட தயமின் என்னும் சத்துதான் குறை. நெல்லை அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1926இல், செயற்கையாகச் செய்யப்பட்டது 1936இல். அதாவது ‘ஏன்’ என்பதற்குச் சரியான விடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ‘எது உயிரைக் காக்கும்’ என்பதற்கு விடை வந்துவிட்டது. விளக்கம் அழகாக இருப்பதால் ஒரு சிகிச்சை வேலை செய்துவிடாது. விளக்கம் தவறாக இருப்பதால் அது வேலை செய்யாமலும் போகாது. நியாயமாக ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி. தாதிமையில் ஆய்வு ஆதாரம் என்பது, என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்பதுதான்: எதோடு ஒப்பிட்டு, யாரிடம்?

ஃபிளெட்சரின் சோதனையிலும் குறை உண்டு. அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்று அப்படிப் பிரிக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய குறை, அந்த 243 பேரில் யாரிடமும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். மனநோயாளிகள், காப்பகத்துக்குள் அடைபட்டவர்கள், போட்டதைச் சாப்பிட வேண்டியவர்கள். இன்று சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய வேண்டுமானால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். நீ படிக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் கட்டிலில் ஒருவர் இருந்தார் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி உன் வார்டுக்கு வருவோம். மருந்து ஏற்றக் கை நரம்பில் பிரானுலா என்னும் குழாயைப் போட்டால் 72 மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போட வேண்டும் என்று பல இடங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தப்படும் கிழவியைப் பார்த்தால் உனக்கே கேட்கத் தோன்றும்: இது அவசியமா? அந்தக் கேள்வியை அப்படியே தேடுபெட்டியில் தட்டினால் குப்பைதான் வரும். முதலில் அதை உடைத்துக்கொள். யாருக்கு: வார்டில் பிரானுலா போட்டிருக்கும் பெரியவர்களுக்கு. எதைச் செய்தால்: வலி, சிவப்பு, வீக்கம் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் மாற்றினால். எதோடு ஒப்பிட்டு: நாள் கணக்கு வைத்து மாற்றுவதோடு. என்ன ஆகிறது: நரம்பு அழற்சி, இரத்தத்தில் கிருமித் தொற்று. அப்புறம் சொற்கள். பிரானுலா என்பது நம் ஊர் மருத்துவமனைப் பேச்சு. ஆய்வுக் கட்டுரைகளில் அதைத் தேடினால் அநேகமாக எதுவும் அகப்படாது. அங்கே அதன் பெயர் பெரிஃபெரல் இன்ட்ராவீனஸ் கதீட்டர். ஒரே பொருளைச் சொல்லும் சொற்களை ‘ஆர்’ போட்டும், கேள்வியின் வெவ்வேறு பகுதிகளை ‘ஆண்ட்’ போட்டும் இணைத்தால் தேடல் வழிக்கு வரும். தேடும் வரிசையும் முக்கியம். நம் சுகாதார அமைச்சு இலவசமாக வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளை முதலில் பார். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எவ்வளவு வலுவான ஆதாரம் என்று அவற்றில் குறித்திருப்பார்கள். அடுத்து கோக்ரேன் தொகுப்பாய்வுகள். அவற்றின் எளிய சுருக்கங்கள் சில மலாயிலும் தமிழிலும்கூடக் கிடைக்கின்றன. இரண்டிலும் விடை இல்லையென்றால்தான் பப்மெட்டில் தனித்தனிக் கட்டுரைகளைத் தேட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டுக்கொள்கிறேன் என்கிறாயா? கேள். ஆனால் அது கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு பப்மெட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதே. இல்லாத கட்டுரையையும் அது கூசாமல் சொல்லும்.

பிரானுலா பற்றி என்ன கிடைக்கிறது? கிளேர் ரிக்கார்ட் என்ற தாதி தலைமையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2012இல் லான்செட் இதழில் வந்தது. 3,283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றாம் நாள் மாற்றியவர்களிலும் சரி, தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் சரி, நரம்பு அழற்சி 7 சதவீதம்தான். அப்படியானால் கிழவியை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதல்லவா? இன்னும் கொஞ்சம் பொறு. ஜெனிவாவின் பல்கலைக்கழக மருத்துவமனை இதே வழிக்கு மாறியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரானுலாக்களைக் கணக்கிட்டு 2021இல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது: மாறிய காலத்தில் இரத்தத் தொற்று கூடியது, பழைய முறைக்குத் திரும்பியதும் குறைந்தது. எதை நம்புவது? எண்களை அருகருகே வைத்துப் பார். இரத்தத் தொற்று மிக அரிது. மூவாயிரம் பேரைப் பார்க்கும் ஆய்வில் அரிதான தீங்கு கண்ணில் படாமலே போகலாம். லட்சக்கணக்கில் பார்த்தால் அகப்படும். மறுபக்கம், ஜெனிவாவில் குலுக்கல் இல்லை. முன்பும் பின்பும் என்ற ஒப்பீடு மட்டுமே, இடையில் வேறு எதுவும் மாறியிருக்கலாம். என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன. ‘தேவைப்பட்டால் மாற்று’ என்ற விதி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு தாதி அந்தக் கையைப் பார்த்து, தொட்டு, எழுதிவைத்தால்தான் பாதுகாப்பானது. ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகள் என்ற கணக்கு இடிக்கும் வார்டில், பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் விதியை மட்டும் தளர்த்துவது ஆபத்து. தேவையில்லாத பிரானுலாவை அன்றைக்கே எடுத்துவிடுவதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை.

இதைப் படித்துவிட்டு நீயாக 72 மணி விதியை மீறிவிடாதே. வார்டு நடைமுறையை மாற்றும் அதிகாரம் உனக்கு இல்லை, இருக்கவும் கூடாது. சிஸ்டரிடமும் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமும் கேள்வியையும் கட்டுரைகளையும் கொண்டு போகலாம். அனுபவத்தை அவமதிப்பதாக அவர்கள் நினைப்பார்களே என்று நீ தயங்குவாய். பிராடனின் அனுபவம் இல்லாமல் ஃபிளெட்சரின் சோதனை பிறந்திருக்காது. அனுபவம்தான் கேள்வியைக் கொடுக்கிறது. அதனால் முடியாத காரியம் ஒன்று உண்டு: செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுவது. மஸ்ஜித் இந்தியா தெருவில் தைலமும் லேகியமும் விற்பவர்கள் சொல்வதும் அனுபவம்தானே? குணமானவர் திரும்பி வந்து சொல்வார், குணமாகாதவர் வேறு கடைக்குப் போய்விடுவார். விற்பவர் பொய் சொல்லவில்லை, அவர் காதுக்கு வருவது பாதிக் கணக்கு. வார்டிலும் இதேதான். படுக்கைப் புண் வராமலிருக்க முதுகில் ஸ்பிரிட் தேய்த்த தலைமுறைத் தாதிகள் கண்டிப்பானவர்கள், சோம்பேறிகள் அல்ல. 1962இல் டோரீன் நார்ட்டன் குழுவினர் முதியோர் வார்டுகளில் ஆராய்ந்தபோது, காத்தது தேய்த்த மருந்தல்ல, அழுத்தத்தைக் குறைக்க நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்ததுதான் என்று தெரிந்தது. தேய்க்க வந்த கை புரட்டவும் செய்தது. புகழ் ஸ்பிரிட்டுக்குப் போயிற்று. நேரம் இல்லை என்ற வாதத்துக்கு நான் அதிகம் இறங்கிவர மாட்டேன். எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. வார்டுக்கு ஒரு கேள்வியை எடுத்துச் சிலர் பங்கிட்டுப் படித்தால் போதும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: குயின்ஸ்லாந்து நோயாளி நம் நோயாளியா? சில வேளை ஆம், சில வேளை இல்லை. கேள்விதோறும் பார்த்துத்தான் சொல்ல முடியும். பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடியை எடுத்துக்கொள். நேப்பாளக் கிராமங்களில் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியைத் தடவியது சிசு மரணத்தைக் குறைத்தது. வீட்டில் பிரசவம் பார்க்கும், சிசு மரணம் அதிகமுள்ள இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளைக்கோ சுத்தமாக, உலர்வாக வைத்தால் போதும் என்றது. கிள்ளான் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைக்கு நேப்பாள முடிவு பொய்யல்ல, பொருந்தவில்லை.

உன் தெருவுக்கே பொருந்தும் ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நீரிழிவுள்ளவர்கள் நோன்பு பிடிப்பதைப் பற்றி மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,243 முஸ்லிம்களிடம் விசாரித்த எபிடியார் ஆய்வு 2004இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவுள்ளவர்களில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாள் நோன்பிருந்தார்கள். கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் ஏழரை மடங்கு கூடியது. ‘ஏழரை மடங்கு’ என்று மட்டும் சொன்னால் நீரிழிவுள்ள பெரியவர் பயந்துபோவார், அல்லது உன்னை நம்பாமல் போவார். அடியில் உள்ள எண்ணைச் சொல்: மாதத்துக்கு 100 பேருக்கு 0.4 தடவை என்றிருந்தது 3 தடவையாயிற்று. இரண்டும் உண்மை, ஆனால் முடிவெடுப்பவருக்கு உதவுவது இரண்டாவது. அதுவும் நினைவிலிருந்து சொன்னவர்களின் கணக்கு என்பதையும் மறக்காதே. நோன்பிருப்பதா வேண்டாமா என்று அந்த ஆய்வு சொல்லாது. அது அவருக்கும் அவர் மார்க்கத்துக்கும் மருத்துவருக்கும் இடையிலான முடிவு. உன் வேலை, அவர் மருந்தின் பெயரையும் இதற்கு முன் மயங்கி விழுந்திருக்கிறாரா என்பதையும் ரமலானுக்கு முன்பே கேட்டு நோயேட்டில் எழுதி, மருத்துவரிடம் அனுப்புவது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்று சொல்வதும், லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ 16.6க்கு மேலே ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டியின் எண்களை அவர் கையில் எழுதிக் கொடுப்பதும் உன் வேலைதான். வீட்டில் சோதனைக் கருவி இருக்கிறதா என்று கேட்டுக்கொள். இல்லாவிட்டால் அந்த எண்களால் பயனில்லை.

அடுத்த கடிதத்தில் உன் வார்டிலிருந்து ஒரு கேள்வியை நான்காக உடைத்து எழுதி அனுப்பு. சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
அக்கா